ஸ்பானிய மொழியில் நிறுவன உட்பிரிவுச் சொற்கள்: தெரிவும் தரநிலையும்

முன்னுரை

நிறுவனம் எதுவாயினும் அது தன் பணிகளைப் பகுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பெயரிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவரை அமர்த்தியே இயங்குகிறது. துறை, பிரிவு, கிளை, அலுவலகம் என்று நாம் வழங்கும் இத்தகைய பெயர்களுக்கு ஈடாக ஸ்பானிய மொழியில் இருபதுக்கும் மேற்பட்ட சொற்கள் உள்ளன. இருமொழி அகராதிகளை நாடினால் அவற்றுட் பலவற்றுக்கும் ஏறத்தாழ ஒரே பொருளே தரப்பட்டிருக்கும். ஆனால் ஒரு கடிதத்தின் அடியில் கையொப்பமிட்டவர் அமைச்சருக்கு அடுத்த நிலையினரா, பத்துப் பேரை மேற்பார்க்கும் அலுவலரா என்பதை அச்சொல்லே தீர்மானிக்கிறது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான உடன்படிக்கைகள், சான்றிதழ் மொழிபெயர்ப்புகள், பணிச் சான்றுகள் ஆகியவற்றில் இதனைத் தவறாகக் கையாண்டால் உரியவருக்கு உரிய மதிப்புக் கிட்டாமற் போகும். அல்லது இல்லாத மதிப்பு ஏறிவிடும்.

ஸ்பானியம் இருபது இறையாண்மை நாடுகளிலும் புவேர்தோ ரிக்கோவிலும் ஆட்சிமொழியாக விளங்குகிறது. ஆகவே ஸ்பானிய ஆட்சிச் சொற்களுக்கு ஒரே மையம் இல்லை. இலங்கையின் திணைக்களம் தமிழ்நாட்டில் துறையாகவும் மலேசியாவில் இலாகாவாகவும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடம் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் புலமாகவும் வழங்குவதை அறிந்த நமக்கு இது வியப்பன்று. எனினும் ஓர் வேறுபாடு உண்டு. மேற்காட்டிய தமிழ் வழக்கில் ஒரே நிலைக்கு வெவ்வேறு பெயர்கள் வழங்குகின்றன. ஸ்பானியத்திலோ ஒரே பெயர் வெவ்வேறு நிலைகளில் நிற்கிறது. பின்னதே மொழிபெயர்ப்பாளரை எளிதில் ஏமாற்றும். ஸ்பானிய உட்பிரிவுச் சொல் தன்னளவில் தரநிலையைக் காட்டுவதில்லை, அது எந்த ஏணியில் நிற்கிறதோ அந்த ஏணியே அதன் உயரத்தைக் காட்டுகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

ஸ்பானியச் சொற்கள் இங்கு இலத்தீன் அமெரிக்க ஒலிப்பைத் தழுவித் தமிழில் எழுதப்பட்டுள்ளன.

சொற்களின் பிறப்பு

இச்சொற்களை அவற்றின் பிறப்புநிலை கொண்டு நோக்கினால் தெரிவு ஓரளவு எளிதாகும். திவிசியோன், செக்சியோன், தெபார்தமெந்தோ ஆகிய மூன்றும் பகுத்தல் அல்லது வெட்டுதல் என்னும் பொருளுடைய வேர்களிலிருந்து வந்தவை. தமிழில் பிரி என்னும் வினையடியாகப் பிரிவும், பகு என்னும் வினையடியாகப் பகுதியும் பிறந்தமை போன்றதே இது. இவை பகுப்பு நிகழ்ந்தது என்பதைச் சொல்லுமேயன்றி, எந்த உயரத்தில் நிகழ்ந்தது என்பதைச் சொல்லமாட்டா. செர்விசியோ, நெகோசியாதோ, ஒஃபிசினா, மினிஸ்தேரியோ என்பன செயலையோ தொண்டையோ குறித்த சொற்களாகத் தொடங்கியவை. ஒஃபிசினா இலத்தீனில் பட்டறையைக் குறித்தது. மினிஸ்தேரியோ தொண்டு என்னும் பொருளது. இன்று அது அமைச்சு.

இவற்றினும் பயன்மிக்கது பதவிப் பெயரடியாகப் பிறந்த சொற்களின் கூட்டம். செக்ரெத்தாரியோ இருக்குமிடம் செக்ரெத்தாரீயா, ஹெரென்தே இருக்குமிடம் ஹெரென்சியா, ஹெஃபே இருக்குமிடம் ஹெஃபதூரா, அல்கால்தே எனப்படும் நகரத் தலைவர் இருக்குமிடம் அல்கால்தீயா. இங்குப் பிரிவின் தரநிலை அதன் தலைவரின் தரநிலையே. தலைவர் யார் என்று அறிந்தால் பிரிவின் உயரம் தெரிந்துவிடும். அந்த உயரமும் அந்நாட்டு ஏணிக்குள் மட்டுமே செல்லும் என்பதை மறத்தலாகாது.

இக்கூட்டத்தில் தமிழ் எழுத்துக்கே உரிய ஓர் இடரும் உண்டு. ஸ்பெயினின் தன்னாட்சி வட்டார அரசுகளில் அமைச்சுக்கு நிகரானது கொன்செஹெரீயா. நகராட்சி உறுப்பினர் ஒருவரின் பொறுப்பிலுள்ள பிரிவு கொன்செஹாலீயா. முன்னதன் வேர்ச்சொல்லும் பின்னதன் வேர்ச்சொல்லும் ஸ்பானிய எழுத்தில் ஓரெழுத்து வேறுபாடுடையவை. ஒன்று ஆலோசனையையும் ஆலோசனை அவையையும், மற்றொன்று நகரவையையும் குறிக்கும். ஸ்பெயினின் பெரும்பகுதியில் அவை வேறுவேறாக ஒலிக்கின்றன. இலத்தீன் அமெரிக்காவில் இரண்டும் கொன்செஹோ என்றே ஒலிக்கும். தமிழில் எழுதினால் எழுத்திலும் வேறுபாடு மறைந்துவிடுகிறது. எனவே தமிழ்க் கட்டுரைகளில் இவற்றை ஒலிபெயர்த்து விட்டுவிடுவது போதாது. நகரவை, ஆலோசனை அவை என்று பொருளால் பிரித்துக் காட்டுதல் வேண்டும். வட்டார அரசின் கொன்செஹேரோ அமைச்சருக்கு ஒப்பானவர் என்பதும், வணிக நிறுவனத்தின் கொன்செஹேரோ இயக்குநர் வாரிய உறுப்பினர் என்பதும் மேலும் ஒரு சிக்கல். நாம் நிறுவன இயக்குநர் என்று சொல்வோரை ஸ்பெயினில் திரெக்தோர் என்றால், வாரியத்தில் இடமில்லாத மேலாளர் ஒருவரையே அது சுட்டும்.

தெபார்தமெந்தோ: ஏறியும் இறங்கியும் நிற்கும் சொல்

துறை என்றதும் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது தெபார்தமெந்தோ. பாதுகாப்பான சொல் போலத் தோன்றுவதும் இதுவே. ஆயினும் இதனைப் போல் உயரம் மாறும் சொல் வேறில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

ஸ்பெயினின் நடுவண் அரசில் அமைச்சு ஒவ்வொன்றும் 'அமைச்சுநிலைத் தெபார்தமெந்தோ' ஆகும். 2023 நவம்பர் 20ஆம் நாளிட்ட 829/2023 என்னும் அரசாணையின் தலைப்பே அமைச்சுநிலைத் தெபார்தமெந்தோக்களை மறுசீரமைத்தல் பற்றியது. இந்த அமைச்சரின் தெபார்தமெந்தோ என்று நாளிதழ் எழுதினால் அது அமைச்சு முழுவதையும் குறிக்கும். வட்டார அரசுகளிலும் பாஸ்க் நாடு, நவார்ரா, ஆரகோன், கத்தலூனியா ஆகியவை தம் அமைச்சு நிகர் உறுப்புகளைத் தெபார்தமெந்தோ என்றே அழைக்கின்றன. மாட்ரிட், அந்தலூசியா முதலியவை கொன்செஹெரீயா என்கின்றன. ஒரே நாட்டுக்குள், ஒரே நிலைக்கு, இரு பெயர்கள்.

மெக்சிகோவுக்குச் சென்றால் இச்சொல் ஏணியின் அடிப்பகுதிக்கு இறங்கிவிடுகிறது. அங்கு அமைச்சு என்பது செக்ரெத்தாரீயா. அதன் கீழ் சுப்செக்ரெத்தாரீயா, உனிதாத், திரெக்சியோன் ஹெனெரால், திரெக்சியோன், சுப்திரெக்சியோன் என்று படிகள் இறங்கி, ஈற்றில் 'ஹெஃபதூரா தெ தெபார்தமெந்தோ' வருகிறது. அதாவது மேற்பார்வைப் பதவிகளுள் கடைசிப் படி. கூட்டாட்சி அரசின் பொது நிருவாகம் பற்றிய 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் பழைய வாசகம் இன்னும் கீழே சென்று, ஒஃபிசினா, செக்சியோன், மெசா ஆகியவற்றையும் குறிப்பிட்டது. மெசா என்பது மேசை. போர்த்துக்கேயர் வழியாகத் தமிழுக்கு வந்து சேர்ந்த நம் மேசையும் இந்த மெசாவும் ஒரே இலத்தீன் குடும்பத்துப் பிள்ளைகள். அலுவலர் அமரும் மேசையே அங்கு அரசின் மிகச் சிறிய உறுப்பாயிற்று.

ஆகவே மெக்சிகோவின் 'ஹெஃபே தெ தெபார்தமெந்தோ' ஒருவரின் பணிச்சான்றை ஸ்பெயினில் உள்ளவர் மேலோட்டமாகப் படித்தால் அவரை மிக உயர்த்தி எண்ணக்கூடும். மறுதலையாக, பாஸ்க் அரசின் தெபார்தமெந்தோ ஒன்றன் தலைவரைத் தமிழில் துறைத்தலைவர் என்று எழுதினால் அமைச்சரொருவரை அலுவலராக்கிவிடுகிறோம்.

மெக்சிகோவிலேயே இச்சொல் வேறோர் உயரத்திலும் இருந்தது. தலைநகரை ஆள்வதற்கென 1928ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தால் உருவான உறுப்பு 'கூட்டாட்சி மாவட்டத் தெபார்தமெந்தோ' எனப்பட்டது. நகர மக்கள் தம் ஆட்சித் தலைவரைத் தாமே தேர்ந்தெடுத்த 1997 வரை அது நீடித்தது. அந்நகரின் பதினாறு பகுதிகளும் தெலெகாசியோன் என்று வழங்கி, 2018இல் அல்கால்தீயா என்று பெயர் மாறின. தெலெகாசியோன் அனுப்பப்பட்ட அதிகாரத்தைக் குறிக்கும் சொல். அல்கால்தீயா தேர்ந்தெடுக்கப்பட்ட நகரத் தலைவரைக் குறிக்கும் சொல்லடியாகப் பிறந்தது. ஆகவே உட்பிரிவின் பெயர் மாற்றம் அங்கு ஓர் அரசியல் உரிமையின் அறிவிப்பாயிற்று. இன்றும் ஸ்பெயினில் தெலெகாசியோன் என்றால் நடுவண் அரசோ நிறுவனமோ வெளியூரில் வைத்திருக்கும் சார்பு அலுவலகமே.

கொலொம்பியாவில் மற்றொரு நிலை. அங்கு அமைச்சுகளோடு ஒத்த நிலையில் 'நிருவாகத் தெபார்தமெந்தோ' என்னும் உறுப்புகள் உள்ளன. 1953இல் தோன்றிய தேசியப் புள்ளியியல் நிருவாகத் தெபார்தமெந்தோவும், 1958இல் தோன்றிய தேசியத் திட்டமிடல் தெபார்தமெந்தோவும் இவ்வகையின. இவற்றின் தலைவர் இயக்குநர் என்று அழைக்கப்பட்டாலும், அந்நாட்டு அரசியலமைப்பு அவரை அமைச்சர்களோடு சேர்த்தே அரசின் உறுப்பினராக எண்ணுகிறது. இதே கொலொம்பியாவில் 32 மாநிலப் பகுதிகளும் தெபார்தமெந்தோக்களே. உருகுவாயில் 19, பொலிவியாவில் 9, குவாத்தமாலாவில் 22 என்று நிலப்பிரிவைக் குறிக்கும் இவ்வழக்குப் பரந்துள்ளது. அர்ஹெந்தீனாவில் அது மாநிலத்துக்கும் கீழ்ப்பட்ட வட்டம். மெக்சிகோ, பெரு, சிலே, அர்ஹெந்தீனா ஆகிய நாடுகளின் வீட்டு விளம்பரங்களில் தெபார்தமெந்தோ என்பது அடுக்குமாடி வீடு. சூழல் தெளிவாக இருப்பதால் இவை பெரும்பாலும் குழப்புவதில்லை. குழப்புவது ஏணியில் உள்ள தெபார்தமெந்தோதான்.

மலேசிய வாசகர்க்கு இது புதிதன்று. பிரதமர் துறை அமைச்சு நிலையினது. குடிநுழைவுத் துறை ஓர் அமைச்சின் கீழுள்ளது. இந்திய ஆய்வியல் துறை ஒரு பல்கலைக்கழகப் புலத்தின் கீழுள்ளது. மூன்றும் மலாயில் ஜபாத்தான்களே. உள்நாட்டார் எவரும் இதில் தடுமாறுவதில்லை. அயல்நாட்டார் தடுமாறுவர். ஸ்பானியச் சொற்கள்முன் நாமும் அந்த அயல்நாட்டார் நிலையில் நிற்கிறோம்.

செக்ரெத்தாரீயா

செயலகம் என்று எளிதில் மொழிபெயர்த்துவிடத் தோன்றும் செக்ரெத்தாரீயா, மெக்சிகோவில் அமைச்சையே குறிக்கிறது. 1921இல் நிறுவப்பெற்று ஹோசே வஸ்கொன்செலோசின் தலைமையில் இயங்கத் தொடங்கிய பொதுக்கல்விச் செக்ரெத்தாரீயா, கல்வி அமைச்சேயன்றிக் கல்விச் செயலகமன்று. அர்ஹெந்தீனாவிலோ அமைச்சின் கீழ்தான் செக்ரெத்தாரீயா, அதன் கீழ் சுப்செக்ரெத்தாரீயா. பல்கலைக்கழகத்தின் ஒரு புலத்தில் செக்ரெத்தாரீயா என்றால் மாணவர் விண்ணப்பம் கொடுக்கும் சாளரம்.

'செக்ரெத்தாரியோ தெ எஸ்தாதோ' என்னும் தொடர் இதனினும் கடினமானது. ஸ்பெயினின் பொதுத்துறை அமைப்புப் பற்றிய 2015ஆம் ஆண்டின் 40ஆம் எண் சட்டம், அமைச்சரையும் அவருக்குக் கீழ்ப்பட்ட இப்பதவியாளரையும் அமைச்சின் மேல்நிலை உறுப்புகளாக வகுக்கிறது. சுப்செக்ரெத்தாரியோ, திரெக்தோர் ஹெனெரால், சுப்திரெக்தோர் ஹெனெரால் முதலியோர் அதற்கடுத்த இயக்குநிலை உறுப்புகள். மெக்சிகோவில் அதே தொடர் அமைச்சரையே குறிக்கும். அமெரிக்க ஐக்கிய நாட்டைப் பற்றிப் பேசும்போது அது வெளியுறவு அமைச்சர். எஸ்தாதோ என்பதற்கு மாநிலம் என்னும் பொருளும் இருப்பதால் இதனை மாநிலச் செயலாளர் என்று தமிழாக்கிவிட வாய்ப்புண்டு. மலேசியாவில் மாநிலச் செயலாளர் என்பது ஒவ்வொரு மாநில நிருவாகத்திலும் உள்ள தனிப் பதவி. ஆகவே அத்தமிழாக்கம் தவறாவதோடு, வாசகரை வேறொரு மெய்யான பதவியிடம் கொண்டுபோய் விட்டுவிடும். ஸ்பெயினின் பதவிக்கு அரசுச் செயலர் என்று எழுதி, அமைச்சருக்கு அடுத்த நிலையினர் என ஒருமுறை விளக்கிச் செல்வதே தக்கது. மெக்சிகோவின் பதவிக்கு அமைச்சர் என்றே எழுதலாம்.

முன்னொட்டை நம்புவதும் ஆகாது. மெக்சிகோவின் சுப்செக்ரெத்தாரியோ அமைச்சருக்கு நேர் அடுத்தவர், துணையமைச்சர் எனலாம். ஸ்பெயினின் சுப்செக்ரெத்தாரியோ அரசுச் செயலரின் துணைவரல்லர். அவர் அமைச்சரின் கீழ் நேராக நின்று, அமைச்சின் பொதுப்பணிகளை நடத்துபவர்.

செர்விசியோ, செக்சியோன், நெகோசியாதோ

ஸ்பெயினின் அமைச்சு ஒன்றில் சுப்திரெக்சியோன் ஹெனெராலுக்குக் கீழே இறங்கினால் மரபான மூன்று படிகள் உள்ளன: செர்விசியோ, அதன் கீழ் செக்சியோன், அதன் கீழ் நெகோசியாதோ. நகராட்சிகளிலும் பல்கலைக்கழக நிருவாகத்திலும் இவ்வரிசை இன்றும் பதவிப் பெயர்களில் வாழ்கிறது.

செர்விசியோ சேவை என்றே பலர் மொழிபெயர்ப்பர். ஆனால் ஸ்பானிய மருத்துவமனையில் இதய நோய்ச் செர்விசியோ என்பது நாம் இதய நோய்ப் பிரிவு என்று சொல்வதே; அதன் தலைவர் 'ஹெஃபே தெ செர்விசியோ', அவருக்குக் கீழ்ப்பட்டவர் 'ஹெஃபே தெ செக்சியோன்'. சிலேயில் இச்சொல் ஒரே கட்டடத்தில் இரண்டு உயரங்களில் நிற்கிறது. அந்நாட்டில் வட்டார வாரியாக 29 சுகாதாரச் செர்விசியோக்கள் உள்ளன. அவை ஒவ்வொன்றின் கீழும் மருத்துவமனைகள், அம்மருத்துவமனைகளுக்குள் மருத்துவச் செர்விசியோக்கள். வரி, சுங்கம் ஆகியவற்றுக்கான நாடளாவிய முகவாண்மைகளும் அங்குச் செர்விசியோக்களே. இவற்றை ஒரே தமிழ்ச் சொல்லால் பெயர்க்க முயல்வது வீண்.

நெகோசியாதோ பத்தொன்பதாம் நூற்றாண்டு அலுவலக வாடை வீசும் சொல். பெனித்தோ பெரெஸ் கால்தோஸ் 1888இல் வெளியிட்ட 'மியாவ்' புதினத்தில், ஓய்வூதிய உரிமைக்கு இரண்டு மாதப் பணியே எஞ்சியிருக்க நிதியமைச்சில் வேலை இழந்துபோன முதியவர் வில்யாமிலைக் காண்கிறோம். இப்படிநிலைப் பெயர்கள் ஒருவரின் வாழ்வையே அளந்த காலத்தை அந்நூல்வழி அறியலாம். ஸ்பெயினுக்கு வெளியே இச்சொல்லை எழுதுபவர் ஒருமுறை தயங்கவேண்டும். அர்ஹெந்தீனா, பெரு, சிலே முதலிய தென்னமெரிக்க நாடுகளில் நெகோசியாதோ என்றால் ஊரறிந்த ஊழல் பேரம். ஸ்பெயினில் கண்ணியமான ஒரு பணிநிலைத் தலைவர், அங்கு முறைகேட்டின் தலைவராகத் தோன்றிவிடுவார். புவேர்தோ ரிக்கோவிலோ அமெரிக்க ஆட்சிமுறையின் தாக்கத்தால் இச்சொல் உயர்ந்து நிற்கிறது. அங்குக் காவல்துறையே பொதுப் பாதுகாப்புத் தெபார்தமெந்தோவின் கீழ் ஒரு நெகோசியாதோவாக அமைக்கப்பட்டது. அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பையும் அவர்கள் நெகோசியாதோ என்கின்றனர். மற்ற நாட்டார் அதனைப் புரோ அல்லது ஒஃபிசினா என்பர்.

வணிக நிறுவனங்களில்

வணிக நிறுவனங்களில் சட்டம் பெயரை விதிப்பதில்லை; வழக்கே விதிக்கிறது. ஸ்பெயினில் நிதிப் பிரிவு நிதித் திரெக்சியோன் அல்லது நிதித் தெபார்தமெந்தோ. பெருவிலும் சிலேயிலும் அது நிதி ஹெரென்சியா. பெருவில் இவ்வழக்கு நகராட்சிக்குள்ளும் புகுந்தது. 2003ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டத்தின்படி நகர நிருவாகத்தின் தலைமை நகராட்சி ஹெரென்சியாவிடம் உள்ளது. ஸ்பெயினில் ஹெரென்தே என்றால் சிறு நிறுவனத்தின் மேலாளரோ, மருத்துவமனை அல்லது பல்கலைக்கழகத்தின் நிருவாகப் பொறுப்பாளரோ நினைவுக்கு வருவார். பெரிய நிறுவனத்தின் ஒரு கூறு நினைவுக்கு வாராது. திரெக்சியோன் என்பதற்கு முகவரி என்ற பொருளும் உண்டு. படிவத்தில் அச்சொல் தனித்து நின்றால் அது வீட்டு முகவரியையே கேட்கிறது.

திவிசியோன் பெரும்பாலும் தெபார்தமெந்தோவைவிடப் பெரியது. இதற்குத் தக்க சான்று சிலேயின் அரசுடைமைச் செம்பு நிறுவனமான கொதெல்கோ. 1976இல் உருவான இந்நிறுவனம் தன் சுரங்க வளாகங்களைத் திவிசியோன் என்றே பகுத்துள்ளது: சுகிகமாத்தாத் திவிசியோன், எல் தெனியெந்தேத் திவிசியோன், அந்தினாத் திவிசியோன் என்றவாறு. ஒவ்வொன்றும் ஊரளவு பெரிய சுரங்கமும் ஆலையும் கொண்டது. அதனுள் ஹெரென்சியாக்களும் அவற்றின் கீழ் சூப்பெரின்தென்தென்சியாக்களும் அமைகின்றன. இங்கு நடுநிலை அலுவலர் ஒருவரின் பிரிவாக இருக்கும் சூப்பெரின்தென்தென்சியா, அதே சிலேயின் அரசில் ஓய்வூதியத்தையும் மின்சாரத்தையும் கண்காணிக்கும் ஒழுங்காணையத்தின் பெயர். பெருவில் அதுவே நாட்டின் வரி, சுங்க அமைப்பு முழுவதன் பெயர். 'பிரிவு' என்ற தமிழ்ச் சொல்லைத் திவிசியோனுக்கு இட்டால் சுகிகமாத்தா ஓர் அறையாகச் சுருங்கிவிடும்.

உயரத்தைப் பற்றிய தவறு மதிப்பைத்தான் பாதிக்கும். அடுத்து வரும் இணைச்சொற்களில் நேரும் தவறோ பொருளிழப்பையே தரும். கிளை என்று நாம் பொதுவாகச் சொல்வதற்கு ஸ்பானியத்தில் சுகுர்சால், ஃபிலியால் என இரண்டு உள்ளன. சுகுர்சால் தனிச் சட்ட ஆளுமை அற்றது. நிலையான சார்பும் ஓரளவு நிருவாகத் தன்னுரிமையும் அதற்கு உண்டு. ஆனால் அது ஏற்கும் கடன் தாய் நிறுவனத்தின் கடனே. ஃபிலியால் தாய் நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் உள்ள வேறொரு நிறுவனம். அதன் கடன் முதற்கண் அதனுடையது. முன்னதைக் கிளை என்றும் பின்னதைத் துணை நிறுவனம் என்றும் எழுதும் வழக்கம் நம்மிடம் ஏற்கெனவே உள்ளது. அதனைத் தளர்த்தாமற் கையாண்டாலே போதும். வங்கிக் கிளையைப் பற்றி எழுதுகையில் சுகுர்சாலோடு ஸ்பெயினில் ஒஃபிசினாவும் பெருவில் அஹென்சியாவும் வழங்குகின்றன. ஸ்பெயினின் காற்பந்தாட்டச் செய்திகளில் ஃபிலியால் என்றால் கழகத்தின் இரண்டாம் அணி. அவ்வணிகளுட் பல தனிக் கழகங்களே அல்ல. ஆயினும் செய்தியாளர்கள் சட்டவியலாளரைக் கேட்டு எழுதுவதில்லை.

பன்னாட்டு அமைப்புகள் கண்ட வழி

இருபது நாட்டாரும் படிக்கவேண்டிய ஸ்பானியத்தை எழுதுவோர் என்ன செய்கின்றனர்? அவர்கள் எந்நாட்டு ஏணியையும் கடன் வாங்காமல் தமக்கென ஒன்று கட்டிக்கொள்கின்றனர். ஐரோப்பிய ஆணையத்தில் திரெக்சியோன் ஹெனெரால், திரெக்சியோன், உனிதாத் என்று மூன்று படிகள். ஐக்கிய நாடுகள் அமைப்பில் தெபார்தமெந்தோ, திவிசியோன், செக்சியோன் என்னும் வரிசையோடு, கடைசிச் சிறு அலகுக்குத் தெபெந்தென்சியா என்னும் சொல் ஆளப்படுகிறது. அவ்வமைப்பின் கூட்டு ஆய்வு அலகின் ஸ்பானியப் பெயரிலும் தெபெந்தென்சியாவே உள்ளது.

இங்கும் முழு அமைதி கிட்டவில்லை. மெக்சிகோவின் நிருவாகச் சட்டத்தில் தெபெந்தென்சியா என்பது குடியரசுத் தலைவரை நேராகச் சார்ந்த செக்ரெத்தாரீயாக்களுக்கு, அதாவது அமைச்சுகளுக்கு, பொதுப்பெயர். சார்ந்திருத்தல் என்னும் ஒரே பொருளிலிருந்து ஐக்கிய நாடுகள் அமைப்பு அடிப்படியையும் மெக்சிகோ மேற்படியையும் பெற்றன. யாரைச் சார்ந்தது என்பதைப் பொறுத்ததே உயரம். எனினும் பன்னாட்டு அமைப்புகளின் முறையில் ஓர் ஒழுக்கம் இருக்கிறது: தெரிந்தெடுத்த சொல்லை ஆவணந்தோறும் மாற்றாமல் ஆள்கின்றனர். நம் கலைச்சொல் முயற்சிகளில் அரிதாகவே காணப்படும் ஒழுக்கம் அது.

பல்கலைக்கழகமும் நம் துறையின் பெயரும்

ஸ்பெயினில் 1983ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சீர்திருத்தச் சட்டம் தெபார்தமெந்தோவைக் கற்பித்தலுக்கும் ஆய்வுக்குமான அடிப்படை உறுப்பாக்கி, 'ஆரெயா' எனப்படும் அறிவுப் பரப்போடு அதனைப் பிணைத்தது. அதற்குமுன் மேலோங்கியிருந்தது காதெத்ரா, அதாவது ஒரு பேராசிரியரின் இருக்கை. புவெனோஸ் ஐரஸ் பல்கலைக்கழகத்தில் காதெத்ரா இன்றும் வலுவான அலகு. ஆனால் அங்கு அது ஒரு பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் குழுவைக் குறிக்கும். மெக்சிகோவில் 1974இல் தோன்றிய தன்னாட்சிப் பெருநகரப் பல்கலைக்கழகம், புலம் என்னும் நிலையில் திவிசியோனை வைத்து அதன்கீழ்த் தெபார்தமெந்தோக்களை அமைத்தது. மெக்சிகோ தேசியப் பல்கலைக்கழகத்தின் தத்துவ இலக்கியப் புலத்தில் துறை போன்ற கூறுகள் கொலேஹியோ எனப்படுகின்றன. எல் கொலேஹியோ தெ மெஹிகோ என்னும் உயர்கல்வி நிறுவனத்திலோ அவை 'சென்த்ரோ', அதாவது மையம். இந்தியா பற்றிய ஆய்வுகளுக்கு இடமளிக்கும் அதன் ஆசிய ஆப்பிரிக்க ஆய்வு மையம், 1964இல் பன்னாட்டு ஆய்வு மையத்தின் கீழ் ஒரு செக்சியோனாகத் தொடங்கியது என்பது கருதத்தக்கது. செக்சியோன் சென்த்ரோவானபோது ஒரு கல்விப் புலமே தன் காலில் நின்றது.

இப்பின்னணியில் நம் இந்திய ஆய்வியல் துறையை ஸ்பானியத்தில் எவ்வாறு எழுதுவது? பிரிவுச் சொல்லைப் பொறுத்தவரை தெபார்தமெந்தோ இங்குப் பொருத்தமே. பல்கலைக்கழக ஏணியில் அது பெரும்பாலான நாடுகளில் புலத்துக்குக் கீழ்தான் நிற்கிறது. இடர் அடைமொழியில் உள்ளது. இந்திய என்பதற்கு இந்தியோ என்னும் உரிச்சொல் அகராதிப்படி சரியே. ஆனால் அமெரிக்கக் கண்டத்தின் தொல்குடி மக்களையும் அதே சொல் குறிக்கிறது. பல நாடுகளில் இழிவுக் குறிப்போடும் வழங்குகிறது. அதனைத் தவிர்க்க இந்து என்ற சொல்லை இந்தியர் அனைவர்க்கும் ஆளும் வழக்கு ஸ்பானியத்தில் நெடுநாளாக உண்டு. அரச கழகமும் பிற ஸ்பானிய மொழிக் கழகங்களும் 2005இல் வெளியிட்ட ஐயம்தீர் அகராதி, குழப்பம் நேராத இடத்தில் அதனை ஏற்கிறது. பல சமயத்தார் பயிலும், பல சமயங்களை ஆராயும் துறைக்கு அது ஒவ்வாது. ஆகவே உரிச்சொல்லை விட்டு நாட்டின் பெயரையே இட்டு, 'தெபார்தமெந்தோ தெ எஸ்தூதியோஸ் தெ லா இந்தியா' என எழுதுவதே நன்று.

துறைத்தலைவர் பெண்ணாயின், ஸ்பெயினின் பல்கலைக்கழகம் ஒன்றுக்குச் செல்லும் கடிதத்தில் அவர் தெபார்தமெந்தோவின் திரெக்தோரா. அங்கு ஹெஃபா என்று எழுதினால் இடைநிலைப் பள்ளியின் பாடக்குழுத் தலைவர் என்று கொள்ள இடமுண்டு. ஏனெனில் அந்நாட்டு இடைநிலைப் பள்ளிகளிலும் தெபார்தமெந்தோக்கள் உள்ளன, அவற்றின் தலைவர்கள் ஹெஃபே, ஹெஃபா எனப்படுகின்றனர். தன்னாட்சிப் பெருநகரப் பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் கடிதத்தில் ஹெஃபா என்பதே இயல்பு. இரண்டு கடிதங்களிலும் துறையின் அலுவல்முறை மலாய்ப் பெயரை முதலில் முழுமையாக எழுதி, ஸ்பானியப் பெயரை அதன்பின் இடவேண்டும். ஸ்பானியப் பெயரில் தெபார்தமெந்தோ, எஸ்தூதியோஸ், இந்தியா ஆகிய மூன்று சொற்களும் பெரிய எழுத்தில் தொடங்கவேண்டும். இடையிலுள்ள இணைப்புச் சொற்கள் சிறிய எழுத்தில் அமையும்.